டேபிளுக்குள்ள வீடியோவைத் திணிக்காதீங்க!

ரிவ்யூவுக்கு முந்தின ராத்திரி, எங்க புராஜெக்ட் டேட்டாபேஸ்ல ஒரு ரெக்கார்டுகூட சேர்க்க முடியல. தப்பு எங்களோடதுதான். போட்டோ, ஆடியோ, வீடியோ எல்லாத்தையும் டேபிளுக்குள்ளேயே போட்டிருந்தோம். மைக்ரோசாஃப்ட் ஆக்ஸஸ் ஃபைலோட உச்ச அளவு 2 ஜிபிதான்.

சரியான வழி இது: மீடியா ஃபைல்களை டேட்டாபேஸ் பக்கத்துலயே ஒரு ஃபோல்டர்ல வைங்க. டேபிள்ல ஃபைல் பெயர் மட்டும் போதும். 255 எழுத்து வரை பிடிக்கிற ஷார்ட் டெக்ஸ்ட் ஃபீல்டே தாராளம். முழு பாத் எழுதினா, லேப் கம்ப்யூட்டருக்கு மாத்தினதும் உடைஞ்சிடும்.

ஃபார்ம்ல ரெக்கார்டு மாறும்போதெல்லாம் 'ஆன் கரண்ட்' ஈவென்ட் ஓடும். அதுல, ஃபைல் பெயர்ல கடைசிப் புள்ளிக்கு அப்புறம் வர்ற எழுத்துகளை எடுத்து, செலக்ட் கேஸ்ல பிரிங்க:

• ஜேபிஜி, பிஎன்ஜி: இமேஜ் கன்ட்ரோலோட பிக்சர் ப்ராப்பர்ட்டிக்கு பாத் கொடுங்க.
• எம்பி3, எம்பி4: விண்டோஸ் மீடியா பிளேயர் கன்ட்ரோலோட யுஆர்எல்-க்கு கொடுங்க.
• பிடிஎஃப்: தனி பட்டன் வைச்சு ஃபாலோ ஹைப்பர்லிங்க் எழுதுங்க. ஆன் கரண்ட்ல எழுதினா, ஒவ்வொரு ரெக்கார்டுக்கும் ஒரு விண்டோ திறந்துக்கும்!

தேவைப்படாத கன்ட்ரோலை மறைக்க மறந்துடாதீங்க. இல்லேன்னா போன ரெக்கார்டோட படம் அப்படியே நிக்கும். ஃபைல் இருக்கான்னு டிர் ஃபங்ஷன்ல முதல்ல பார்த்துக்கோங்க.

விடியறதுக்குள்ள மாத்தி, பழைய ஃபீல்டை அழிச்சு, காம்பாக்ட் அண்ட் ரிப்பேர் கொடுத்தோம். டேட்டாபேஸ் சில எம்பிக்கு இறங்கிடுச்சு. நீங்க முதல் நாளே இப்படி ஆரம்பிங்க, நிம்மதியா தூங்கலாம்.