தூங்கி எழுந்தாலும் போகாத அசதி

மரக்காணம் உப்பளத்தில் பத்தொன்பது வருஷம் உப்பு வாரியவள் நான். அசதி எனக்குப் புதிதல்ல. விடியும் முன்பே பாத்தியில் இறங்கினால், வெயில் ஏறுவதற்குள் கரையேற வேண்டும். இடுப்பு விட்டுப்போகும், கண் எரியும். ஆனாலும் கஞ்சியைக் குடித்துவிட்டு மதியம் படுத்து எழுந்தால் உடம்பு திரும்பி வந்துவிடும். மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன், கீமோ, கரண்ட் வைத்தது எல்லாம் முடிந்தபின் வந்த அசதி அப்படிப்பட்டதல்ல. ஒன்பது மணி நேரம் தூங்கி எழுந்தும் குடத்தைத் தூக்க முடியவில்லை. வாசலைப் பாதி பெருக்கிவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்துவிடுவேன்.

“வைத்தியம்தான் முடிஞ்சிடுச்சே, இன்னும் என்ன?” என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டபோது, நான்தான் சோம்பேறி ஆகிவிட்டேனோ என்று எனக்கே தோன்றியது. அந்த எண்ணத்தோடு மூன்று மாதம் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். அது பெரிய தப்பு.

அதற்கு முன்பே ஒரு தப்பு செய்திருந்தேன், முதல் பெட் ஸ்கேனின்போது. புதுச்சேரிக்குப் போனால் ஒரு நாள் கூலி போகுமே என்று முந்தின நாள் மாலை வரை உப்பு சுமந்தேன். அந்த ஸ்கேனுக்கு ஊசியில் ஏற்றுவது கதிர் கலந்த ஒரு வகைச் சர்க்கரை. வேகமாக வளரும் கட்டி சர்க்கரையை அதிகமாக இழுக்கும், அந்த இடம் படத்தில் பளிச்சென்று தெரியும். ஆனால் கடுமையாக உழைத்த தசையும் அப்படியே இழுக்கும். என் இரண்டு தோளும் படத்தில் ஒளிர்ந்தன. “நேத்து என்ன வேலைம்மா செஞ்சீங்க?” என்று டாக்டர் கேட்ட பிறகுதான் விஷயம் புரிந்தது. அதுவரை தோளிலும் நோய் இருக்கிறதென்று நானும் என் வீட்டுக்காரரும் நடுங்கிப்போயிருந்தோம்.

உப்பளத்தில் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: பெட் ஸ்கேனுக்கு ஒரு நாள் முன்பாவது பாத்தியில் இறங்காதீர்கள். ஆறு மணி நேரம் வெறும் வயிறு என்றால் பஸ் ஸ்டாண்டு டீயும் கூடாது. வெறும் தண்ணீர் குடிக்கலாம். சர்க்கரை நோய் உள்ளவர்கள் மாத்திரை, இன்சுலின் பற்றி முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். ஊசி போட்டபின் ஒரு மணி நேரம்போல அசையாமல், பேசாமல் படுத்திருக்க வேண்டும். ஏசி அறையில் குளிரில் நடுங்கினாலும் படத்தில் தேவையில்லாத இடங்கள் ஒளிரும் என்றார் சிஸ்டர். அன்று முதல் போர்வை இல்லாமல் நான் போவதில்லை.

உடம்பில் ஏறிய அந்தக் கதிர் ஏறக்குறைய 110 நிமிடத்துக்கு ஒரு முறை பாதியாகக் குறையும். நிறையத் தண்ணீர் குடித்தால் சிறுநீரில் வெளியேறும். கர்ப்பிணிகளிடமும் குழந்தைகளிடமும் அன்று ஒட்டக் கூடாது. பேரன் ஓடி வந்தான், தூக்கவில்லை. மறுநாள் காலைவரை அவன் கோபமாகவே இருந்தான்.

எம்ஆர்ஐ எடுக்கும்போது தாலி, மெட்டி, மூக்குத்தி எல்லாம் கழற்றச் சொன்னார்கள். அத்தை கலங்கிப்போனார். மஞ்சள் கயிற்றில் மஞ்சள் கிழங்கைக் கோத்து முதல் நாளே கட்டிவிட்டார், அவர் மனசும் சமாதானமானது. எந்த ஸ்கேனானாலும் ஊசி போட வருபவரிடம், “இந்தப் பக்கம் ஆபரேஷன் ஆன கை, மறு கையில் போடுங்க” என்று நீங்களே சொல்லுங்கள்.

ஸ்கேனைவிடக் கொடுமை, முடிவு வரும்வரை இருக்கும் நாட்கள். முதுகு வலி என்று எலும்பு ஸ்கேன் எடுத்தார்கள். குனிந்தே பிழைத்த எனக்கு முதுகு வலி புதிதா? ஆனால் இந்த நோய்க்குப் பிறகு எந்த வலியும் சும்மா வருவதாகத் தெரியாது. அந்த நான்கு நாளும் இரவில் தூங்கவில்லை. ஒன்றுமில்லை, தேய்மானம் என்றார்கள். இப்போதெல்லாம் முடிவு எந்தத் தேதிக்கு வரும், யாரிடம் வாங்க வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள்கிறேன். அதுவரை யாரிடமும் அதைப் பற்றிப் பேசுவதில்லை, கணவரைத் தவிர.

அசதியைப் பற்றி ஒருவழியாக டாக்டரிடம் சொன்னேன். ரத்தமும் தைராய்டும் பார்த்தார். ஹீமோகுளோபின் 8.6. இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு சேர்த்துச் சாப்பிட்டால் உடம்பில் சரியாகச் சேராது என்பதும் அப்போதுதான் தெரிந்தது. ரத்தம் ஏறிய பிறகும் அசதி முழுதாகப் போகவில்லை. சிகிச்சைக்குப் பின் இது மாதக்கணக்கில், சிலருக்கு வருஷக்கணக்கில் இருக்கும், ஓய்வால் மட்டும் தீராது, நடக்க வேண்டும் என்றார். நடக்கவா, நிற்கவே முடியவில்லையே என்று அழுதுவிட்டேன். பத்து நிமிடம் போதும் என்றார்.

மாலையில் உப்பளக் கரையில் பத்து நிமிடம். ஒரு வாரம் கழித்துப் பன்னிரண்டு. மதியத் தூக்கத்தை அரை மணி நேரமாகச் சுருக்கியதும் இரவுத் தூக்கம் சேர்ந்தது. தெம்பாக இருக்கும் நாளில் எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுச் செய்தால் அடுத்த இரண்டு நாள் படுக்கைதான். அதனால் காலைத் தெம்பைச் சமையலுக்கு வைத்துக்கொண்டு, துவைப்பதை மகளிடம் விட்டேன். விடுவதற்குத்தான் மனசு வரவில்லை.

இந்த சீசனில் உப்பு வாரப் போகவில்லை. மேஸ்திரியிடம் கேட்டு மூட்டை தைக்க உட்கார்ந்திருக்கிறேன், அரை நாள், அரைக் கூலி. மதியம் வரும்போது குழாயடியில் நின்று தண்ணீர் பிடித்து வருகிறேன். ஆபரேஷன் ஆகாத பக்கத்து இடுப்பில், அரைக் குடம்.