பாறைகளுக்குப் பக்க எண் இட்ட நுண்ணுயிர்கள்

பழைய புத்தகம் ஒன்று கிழிந்து, அதன் தாள்கள் நாலா திசையிலும் சிதறிவிட்டன என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்க எண் இருந்தால் எந்தத் தாளையும் உரிய இடத்தில் சேர்த்துவிடலாம். எண் இல்லாவிட்டால் என்ன செய்வீர்கள்?

படிவுப் பாறைகளை ஆராய்வோரின் சிக்கலும் இதுவே. ஓரிடத்தில் ஒரு சுண்ணாம்புப் பாறை இருக்கிறது; நூறு கிலோமீட்டருக்கு அப்பால் மற்றொன்று இருக்கிறது. இரண்டும் ஒரே காலத்தில் படிந்தவையா? நிறத்தையும் கலவையையும் மட்டும் கொண்டு விடை கூற இயலாது. வெவ்வேறு காலங்களில் படிந்த சுண்ணாம்புச் சேறு ஒன்றுபோலவே தோன்றலாம். மாறாக, ஒரே நாளில் கரையோரத்தில் மணலும் ஆழ்கடலில் களிமண்ணும் படியலாம்.

பாறைகளுக்கும் பக்க எண்கள் உண்டு. அவைதாம் தொல்லுயிர் எச்சங்கள். ஓர் உயிரினம் ஒரு காலத்தில் தோன்றி, சில காலம் வாழ்ந்து, பின்னர் அழிகிறது. அழிந்த இனம் மீண்டும் தோன்றுவதில்லை. ஆகவே ஒரே இனத்தின் எச்சங்களைக் கொண்ட அடுக்குகள், அந்த இனம் வாழ்ந்த கால எல்லைக்குள் படிந்தவை. இங்கிலாந்தில் கால்வாய்களுக்காக நிலம் அளந்த வில்லியம் ஸ்மித் இவ்வுண்மையைப் பயன்படுத்தியே 1815-இல் தம் புகழ்பெற்ற நிலவியல் படத்தை வெளியிட்டார்.

ஆனால், எண்ணெய்க் கிணறு தோண்டுவோருக்கு ஓர் இடர்ப்பாடு இருந்தது. துளைக்கருவி பாறையை நொறுக்கிச் சில்லுகளாகவே மேலே அனுப்புகிறது. சங்கும் சிப்பியும் அதில் தூளாகிவிடும். தூளாகாமல் தப்புபவை எவை? கண்ணுக்கு அரிதாகவே புலப்படும் ஓடுகள்! ஃபொராமினிஃபெரா என்னும் ஒரு செல் உயிர்களின் ஓடுகள் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவானவை. பல இனங்களின் ஓடுகள் கால்சியம் கார்பனேட்டால் ஆனவை. கைப்பிடியளவு சில்லுகளிலேயே நூற்றுக்கணக்கில் அவை கிடைக்கக்கூடும்.

இவற்றைக் கொண்டு கிணற்று அடுக்குகளின் காலத்தை அறியலாம் என்று எஸ்தர் ஆப்லின் என்ற அமெரிக்கப் பெண்மணி 1921-இல் கூறியபோது, அறிஞர் ஒருவர் அவையிலேயே எள்ளினார். 1925-இல் ஆப்லின், ஆல்வா எல்லிசார், ஹெட்விக் நைக்கர் ஆகிய மூவரும் டெக்சாஸ், லூசியானா கடலோரச் சமவெளியின் நிலத்தடி அடுக்குகளைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டனர். நுண்ணுயிர் ஓடுகளின் துணையால் கிணற்றுக்குக் கிணறு ஒரே அடுக்கைத் தொடர்ந்து செல்ல முடியும் என்பது அதில் நிலைநாட்டப்பட்டது. அதன்பின் எண்ணெய் நிறுவனங்கள் நுண்ணோக்கிகளை நாடின.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். துளையிடும்போது மேலடுக்கின் துகள்கள் கிணற்றுச் சுவரிலிருந்து சரிந்து கீழ்ச் சில்லுகளோடு கலந்துவிடும். எனவே ஓர் இனம் கீழே எங்கே முடிகிறது என்பதை நம்ப முடியாது. ஆனால் மேலிருந்து இறங்கும்போது அது முதன்முதலாக எங்கே தென்படுகிறது என்பதைப் பெரும்பாலும் நம்பலாம். கீழடுக்கின் துகள் தானாக மேலே ஏறாதல்லவா? அந்த மட்டமே அவ்வினம் அங்கே மறைந்த காலத்தைக் குறிக்கும்.

எல்லா இனங்களும் நல்ல பக்க எண்கள் ஆகா. கடலடியில் வாழ்பவை ஆழம், வெப்பம், உணவு ஆகியவற்றுக்கேற்பச் சில பகுதிகளில் மட்டுமே பரவியிருக்கும். ஓரிடத்தில் ஓர் இனம் மறைந்தது என்றால், அது அழிந்திருக்கலாம். கடலின் ஆழம் மாறியதால் இடம் பெயர்ந்தும் இருக்கலாம். இவை காலத்தைவிடச் சூழ்நிலையையே நன்கு உரைக்கும். மேல்நீரில் மிதப்பவையோ நீரோட்டங்களால் நெடுந்தூரம் பரவுகின்றன. இறந்ததும் அவற்றின் ஓடுகள் கடலடியில் மழைபோல் வீழ்கின்றன. பரந்த இடம், குறுகிய காலம் என்ற இரண்டும் பொருந்திய இனமே சிறந்த பக்க எண்.

இதன் ஆற்றலுக்குச் சான்று இத்தாலியின் குபியோ நகருக்கு அருகே உள்ளது. அங்குள்ள சுண்ணாம்புப் பாறையில் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் தடிமனுள்ள களிமண் படலம் இருக்கிறது. அதற்குக் கீழே குளோபோட்ரங்கானா போன்ற பெரிய, அழகிய ஓடுகள் உள்ளன. மேலே மிகச் சிறிய ஓடுகள் மட்டுமே உள்ளன. டைனோசார்கள் மறைந்த, சுமார் 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய எல்லை அது. டென்மார்க்கிலும் நியூசிலாந்திலும் இதே எல்லையைக் காண வழிகாட்டியவை நுண்ணுயிர் எச்சங்களே. இயற்பியலில் நோபல் பரிசு பெற்ற லூயிஸ் ஆல்வாரெஸ், அவர் மகன் வால்ட்டர் ஆகியோரின் குழு இம்மூன்று இடங்களின் எல்லைப் படிவுகளையும் ஆராய்ந்தது. விண்கற்களில் மிகுதியாகவும் பூமியின் மேலோட்டில் அரிதாகவும் உள்ள இரிடியம், அங்கே இயல்பைவிட முறையே சுமார் 30, 160, 20 மடங்கு கூடியிருந்ததாக 1980-இல் அறிவித்தது. விண்கல் மோதல் கொள்கைக்கு இதுவே அடிப்படை. எந்தச் சென்டிமீட்டரைச் சோதிப்பது என்று தெரியாமல் இது நடந்திருக்குமா?

குளோபோட்ரங்கானா இனங்கள் நம் அரியலூர்ப் பகுதிப் பாறைகளிலும் கிடைத்துள்ளன. ஐரோப்பியப் பாறைகளோடு அவற்றை ஒப்பிட இவை உதவுகின்றன.

இனி நீங்களே ஒரு கணக்கைச் செய்து பாருங்கள். சமதரையில் ஒரே நேர்கோட்டில் அ, ஆ, இ என்று மூன்று கிணறுகள் உள்ளன. ஓர் இனம் முதலில் தென்படும் ஆழம் அ-வில் 820 மீட்டர். 8 கிலோமீட்டர் தள்ளியுள்ள ஆ-வில் 940 மீட்டர். அப்படியானால் அடுக்கு கிலோமீட்டருக்கு 15 மீட்டர் வீதம் சரிகிறது. அ-விலிருந்து 12 கிலோமீட்டர் தொலைவிலுள்ள இ-யில் அதை 1,000 மீட்டரில் எதிர்பார்ப்போம். ஆனால் 900 மீட்டரிலேயே அது வந்துவிட்டது! அங்கே அடுக்கு மேல்நோக்கி வளைந்திருக்கலாம்; அல்லது பிளவுற்று உயர்ந்திருக்கலாம். எண்ணெய் நீரைவிட இலேசானது. அப்படியானால், எண்ணெய் தேடுவோர் எந்தக் கிணற்றின் பக்கம் திரும்புவர்? ஏன்? சிந்தியுங்கள்.