ஆங்கில நிகழ்கால எதிர்மறையும் தமிழின் ‘மாட்டு’ துணைவினையும்

ஆங்கிலச் சாதாரண நிகழ்காலத்தின் எதிர்மறைத் தொடர்களைத் தமிழ் மாணவர் பிழைபட அமைப்பதற்குத் தாய்மொழித் தாக்கமே காரணம் என்பது பரவலான கருத்து. மதுரையிலும் சுற்றியுள்ள சமவெளி ஊர்களிலும் மாணவரிடம் அடிக்கடி கேட்கும் இரு பிழைகளைக் கொண்டு அக்கருத்தை இக்கட்டுரை மறு ஆய்வுக்கு உட்படுத்துகிறது. ‘ஹி டோன்ட் கம்’ என்பது ஒன்று. ‘ஹி டஸ் நாட் கம்ஸ்’ என்பது மற்றொன்று.

முதற்பிழைக்குத் தமிழ்ச் சார்பு கூறலாம். வழக்கமான செயலின் மறுப்பைத் தமிழ் ‘வருவதில்லை’ என உணர்த்துகிறது. நான் வருவதில்லை, அவன் வருவதில்லை, அவை வருவதில்லை எனத் திணை, பால், எண், இடம் எதற்கும் ‘இல்லை’ திரிவதில்லை. இப்பழக்கமுடையோர் ‘டோன்ட்’ என்பதையும் திரியாச் சொல்லாகக் கொள்வது இயல்பே. எனினும் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டோரின் வட்டார வழக்குகள் சிலவற்றிலும் இவ்வடிவம் உண்டாதலின், முழுப்பழியையும் தமிழின்மேல் ஏற்றுதல் பொருந்தாது.

இரண்டாவது பிழையோ தமிழ் அமைப்புக்கே அயலானது. ‘வரமாட்டான்’ என்பதில் ‘வர’ என்னும் செயவென் எச்சம் ஈறேற்காமல் நிற்க, ‘மாட்டு’ என்னும் துணைவினையே ‘ஆன்’ விகுதியை ஏற்கிறது. மதுரை வட்டாரப் பேச்சின் ‘அவுக வரமாட்டாக’ என்பதிலும் மரியாதை ஈறு துணைவினை மேலேயே அமர்கிறது. ‘வருவான் மாட்டான்’ என எவரும் சொல்வதில்லை. ஆங்கிலத்திலும் இதுவே நிகழ்கிறது: படர்க்கை ஒருமை ஈற்றை ‘டஸ்’ ஏற்றுக்கொள்ள, ‘கம்’ வெறும் வடிவில் நிற்கிறது. ஆகவே இப்பிழை, ‘ஹி கம்ஸ்’ என்ற உடன்பாட்டு வடிவை முதலில் மனப்பாடமாக்கி, அதன்மேல் மறுப்பை ஒட்டவைப்பதால் நேர்வது எனக் கொள்வதே தகும். ஆங்கிலக் குழந்தைகளும் மொழி பயிலுங்கால் இத்தகைய இரட்டை ஈறு இடுவதுண்டு.

எனவே இப்பிழைக்கு மருந்து தமிழிலேயே உள்ளது. ஆயின் ‘மாட்டான்’ மறுப்போடு விருப்பின்மையையும் எதிர்காலத்தையும் சுட்டும். ஆங்கில எதிர்மறையில் வரும் ‘டூ’ பொருளற்றது. வடிவத்தை ‘வரமாட்டான்’ கொண்டும், பொருளை ‘வருவதில்லை’ கொண்டும் விளக்குவதே முறை. ஒன்றையே இரண்டுக்கும் ஈடாக்கினால் ‘அவர் இறைச்சி உண்பதில்லை’ என்னும் வழக்கமும் ‘உண்ணமாட்டார்’ என்னும் உறுதியும் மயங்கும்.

இவ்வொப்புமை பிற்காலத்தது. சங்கத்தமிழின் ‘வாரான்’ துணைவினை வேண்டாதது. காலங்காட்டும் இடைநிலையும் அற்றது. எதிர்மறை வினையின் இவ்வியல்பைக் கால்டுவெல் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில் விளக்கியுள்ளார். பழைய ஆங்கில வழக்கிலும் வினைக்குப் பின் ‘நாட்’ சேர்த்தலே போதும். ‘டூ’ சேர்க்கும் வழக்கு 16, 17ஆம் நூற்றாண்டுகளில்தான் பரவியது. தொடர்பற்ற இரு மொழிகள் மறுப்பைத் துணைவினைக்கு மாற்றியமை தனியே ஆராயத்தக்கது.

ஒப்புமைக்கு எல்லையும் உண்டு. இன்றைய பேச்சில் அஃறிணை ‘மாட்டு’ ஏற்பதில்லை. ‘மழை பெய்யாது’, ‘இந்த மாடு முட்டாது’ என்றே சொல்கிறோம். உயர்திணையில் பேச்சு கைவிட்ட பழைய எதிர்மறை முற்று இங்கு மட்டும் உயிரோடிருக்கிறது. எனவே ‘இட்’ எழுவாயாக வரும் ஆங்கிலத் தொடர்களுக்கு ‘மாட்டான்’ வழி உதவாது. அவற்றை உயர்திணைத் தொடர்களில் பயிற்சி பெற்ற பின்னரே கற்பிக்கவேண்டும்.