பெட்டியைத் திறக்குமுன்

பழைய மிடி சவுண்ட் மாட்யூல் வாங்கி வந்த கையோடு ஸ்குரூ டிரைவரைத் தேடும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். ரோலண்டின் எம்டி-32 வெளிவந்தது 1987-இல், எஸ்சி-55 1991-இல். அந்த வயதுக்குரிய உபாதைகள் உள்ளே இருக்கலாம். ஆனாலும் பாட்டு சொதப்பினால் குற்றம் பெரும்பாலும் பெட்டியில் இல்லை. அதற்குள் என்ன அனுப்புகிறோம், எப்படி அனுப்புகிறோம் என்பதில்தான் இருக்கிறது.

1. அடாப்டரைப் பாருங்கள். மேற்சொன்ன இரண்டுக்கும் 9 வோல்ட் டி.சி., நடுமுனை மைனஸ். யமஹா எம்யு வரிசையில் சிலவற்றுக்கு 12 வோல்ட், நடுமுனை பிளஸ். பிளக் பொருந்துகிறதே என்று ஒன்றை மற்றதில் செருகிவிட்டால், மீதி அறிவுரைக்கு வேலையே இருக்காது.

2. எஸ்சி-55-க்குள் டெமோ பாட்டு உண்டு. அதை ஓட விடுங்கள். டெமோ சுத்தமாகக் கேட்டால் சவுண்ட் சிப்புகளும் ஆடியோ பகுதியும் நலம் என்று பொருள். பிறகு கேபிள், இன்டர்ஃபேஸ், மிடி ஃபைல் இந்த மூன்றில் தேடுங்கள். டெமோவே கரகரத்தால் நேராக ஒன்பதாவதுக்குப் போங்கள்.

3. பாட்டை நடுவில் நிறுத்தினால் ஒரு நோட்டு நிற்காமல் இழுக்கிறதா? நோட்டை அணைக்கும் செய்தி வந்து சேரவில்லை, அல்லது சஸ்டெயின் பெடல் அழுத்திய நிலையிலேயே நின்றுவிட்டது. 123-ஆம் கன்ட்ரோலர் எல்லா நோட்டையும் அணைக்கும் என்பார்கள். பெடல் அழுத்தியிருந்தால் அது பலிக்காது. முதலில் 64-ஆம் கன்ட்ரோலரில் பூஜ்யம் அனுப்புங்கள், பிறகு 123.

4. மிடி கேபிளில் நொடிக்கு 31,250 பிட்தான் போகும். ஒரு நோட்டு அனுப்ப மூன்று பைட், கிட்டத்தட்ட 1 மில்லி செகண்ட். எல்லாம் ஒரே வரிசையில்தான் போகும், ஒற்றையடிப் பாதையில் கல்யாண ஊர்வலம் போவதுபோல. தாளத்தின் முதல் அடியிலேயே டிரம், பேஸ், பத்து விரல் கார்டு, கூடவே வால்யூம் மாற்றம் எல்லாவற்றையும் குவித்தால் அடி சிதறிக் கேட்கும். இசைக்கருவி மாற்றும் செய்திகளையும் கன்ட்ரோலர்களையும் அடிக்குச் சற்று முன்னே நகர்த்துங்கள். பிட்ச் பெண்டைத் தேவைக்கு மேல் நுணுக்கமாகப் பதிவு செய்யாதீர்கள். கம்ப்யூட்டரை மாற்றி இதைத் தீர்க்க முடியாது, காசுதான் போகும்.

5. நோட்டு பாதியில் அறுபடுகிறதென்றால், ஒரே நேரத்தில் ஒலிக்கக்கூடிய குரல்கள் தீர்ந்துவிட்டன. எஸ்சி-55-இல் 24 குரல். சில வாத்தியங்கள் நோட்டு ஒன்றுக்கு இரண்டு குரல் தின்னும். எம்டி-32-இல் 32 பார்ஷியல்; ஒரு டோன் நான்கு வரை எடுக்கும் என்பதால் எட்டு நோட்டிலேயே கஜானா காலியாகலாம். பின்னணி ஸ்ட்ரிங்ஸில் கார்டைக் குறையுங்கள். முக்கியமான பார்ட்டுக்குக் குரலை ஒதுக்கி வைக்கும் வசதி இரண்டிலும் உண்டு. கையேட்டில் தேடிப் படியுங்கள்.

6. ஜி.எம். (ஜெனரல் மிடி) ஃபைலை எம்டி-32-இல் போட்டுவிட்டு "மெலடியே வரவில்லை, பெட்டி போச்சு" என்று வருபவர்கள் அதிகம். எம்டி-32 பிறந்தபோது ஜி.எம். தரமே இல்லை. சாதாரண நிலையில் அது 2 முதல் 9 வரையிலான சேனல்களையும், டிரம்முக்குப் 10-ஐயும் மட்டுமே கேட்கும். முதல் சேனல் மெலடி எப்படி ஒலிக்கும்? வாத்திய எண் வரிசையும் வேறு. சாமானுக்குக் குறையில்லை, பொருத்தம்தான் இல்லை.

7. இது பலரையும் ஏமாற்றுகிறது. ஒரு பாட்டு பிட்ச் பெண்ட் எல்லையை 12 அரைச்சுரமாக வைத்துவிட்டுப் போகும். அடுத்த பாட்டு வழக்கமான 2 என்று நம்பி வரும். சின்னக் கமகம் எட்டுக்கட்டை தாண்டிக் கத்தும். கன்ட்ரோலர்களை மீட்டமைக்கும் 121-ஆம் செய்தி பெண்டை நடுவுக்குக் கொண்டுவருமே தவிர இந்த எல்லையைத் தொடாது. எனவே எஸ்சி-55-க்குப் போகும் ஒவ்வொரு ஃபைலின் தொடக்கத்திலும் ஜி.எஸ். ரீசெட் (ரோலண்டின் மீட்டமைப்புக் கட்டளை) வையுங்கள். அதற்குப் பின் 50 மில்லி செகண்டாவது இடைவெளி விட்டு மற்ற செட்டிங்கை அனுப்புங்கள். இடைவெளி இல்லாவிட்டால் முதல் சில கட்டளைகளை மாட்யூல் விழுங்கிவிடும். அப்புறம் "சில நாள் சரியாக வருகிறது, சில நாள் வரவில்லை" என்ற புலம்பல்.

இப்படி இடைவெளி விட வேண்டிய தேவை, ஹெட்போன் துளை இல்லாத முதல் தலைமுறை எம்டி-32-க்கு இன்னும் அதிகம். சிஸ்எக்ஸ் செய்திகளை (அந்தந்தப் பெட்டிக்கே உரிய தனிக் கட்டளைகளை) அடுத்தடுத்துத் தள்ளினால் திரையில் பஃபர் நிரம்பியதாக எழுத்து வரும். பிற்கால கேம்கள் புதிய பெட்டிகளை நினைத்து வேகமாக அனுப்பியதுதான் காரணம். செய்திக்குச் செய்தி 40 மில்லி செகண்ட் தாமதம் கொடுங்கள்.

8. மலிவான யு.எஸ்.பி. மிடி கேபிள்களில் நோட்டு ஒழுங்காகப் போகும், நீளமான சிஸ்எக்ஸ் நடுவில் அறுந்துவிடும். இன்னொரு விஷமம் ஆக்டிவ் சென்சிங். அந்தச் செய்தி ஒருமுறை வந்துவிட்டால், பிறகு 300 மில்லி செகண்டுக்குள் எதுவும் வராதபோது கேபிள் கழன்றதென்று எண்ணி மாட்யூல் தானே வாயை மூடிக்கொள்ளும். இன்டர்ஃபேஸ் சிலதை அனுப்பிச் சிலதை வடிகட்டினால், நீண்ட நோட்டுகள் மட்டும் காரணமில்லாமல் சாகும். முழுதாக அனுப்பு, இல்லையேல் முழுதாக நிறுத்து.

9. இப்போது திறக்கலாம், பவரை எடுத்துவிட்டு. வால்யூம் திருகும்போது மட்டும் கரகரத்தால் குமிழுக்கடியில் தூசி. கான்டாக்ட் கிளீனர் போதும். எப்போதும் கரகரத்தாலோ ஒரு பக்கம் மங்கினாலோ எலெக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டர்களைப் பாருங்கள். அவை கசிந்தால் காலடியில் செம்புத் தடத்தையும் அரிக்கும். உள்ளே பேட்டரி உள்ள மாட்யூலில் செட்டிங் நினைவில் நிற்காவிட்டால் அந்தப் பேட்டரி தீர்ந்திருக்கும். இன்னும் முழுதாகத் தீராத, சாலிடர் செய்த பேட்டரியாக இருந்தால், கழற்றுமுன் உங்கள் டோன்களை சிஸ்எக்ஸாகக் கம்ப்யூட்டரில் சேமித்துக்கொள்ளுங்கள்.