வால்வு ஆம்ப்ளிஃபையர் வாங்கப் போறீங்களா?

விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ மைக் செட் கடையில் பழைய வால்வு ஆம்ப்ளிஃபையர் விலைக்கு வந்தால், கிட்டாருக்கு ஆகுமேன்னு உடனே காசை நீட்டிடாதீங்க. வீட்டுக்கு 5 வாட்டே தாராளம். ஒரு இஎல் 84 வால்வு அதைத் தரும். ஸ்பீக்கர் மாட்டாமல் வாசித்தால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோகலாம். 100 ஹெர்ட்ஸ் உறுமல் கேட்டால் பெரும்பாலும் ஃபில்டர் கண்டென்சர் காய்ந்திருக்கும். இரண்டு அவுட்புட் வால்வு இருந்தால் ஜோடியாகவே மாற்றி, பயாஸ் சரிபார்க்கணும்.

முக்கியமான விஷயம்: பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டென்சரில் 300, 400 வோல்ட் நிற்கலாம். ஆளையே தூக்கிடும்! இன்சுலேஷன் உள்ள கிளிப்பில் 10 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டரை மாட்டிச் சில விநாடி இறக்கி, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகே கை வையுங்கள். எர்த் இல்லாத செட்டில் கிட்டார் கம்பியே ஷாக் அடிக்கும். மூணு பின் பிளக் போட்டு, சேஸிஸை எர்த் பண்ணுங்க. வால்வு போனால் வேறு வாங்கிக்கலாம், உயிரை வாங்க முடியாது!