மீண்டும் எழுந்த ஆலயங்கள்: எருசலேமும் திருவரங்கமும்

முன்னுரை

வழிபாட்டு இல்லம் இடிபடுவதும், அதற்குரிய மக்கள் நாடிழந்து அலைவதும் உலக வரலாற்றில் பன்முறை நிகழ்ந்துள்ளன. அம்மக்களே மீண்டு வந்து அதனை மறுபடியும் எழுப்பிய நிகழ்ச்சிகளோ மிகச் சிலவே. அவற்றுள் தலையாயது, யூதர்கள் பாபிலோனியச் சிறையிருப்பினின்றும் திரும்பி எருசலேம் ஆலயத்தை மீளக் கட்டியதாகும். அதனோடு ஒப்புநோக்கத் தக்க நிகழ்ச்சியொன்று நம் தமிழகத்தில் திருவரங்கத்தில் நடந்தது. திருவில்லிபுத்தூரில் வாழ்வோர்க்குத் திருவரங்கம் அயலூர் அன்று. இம்மண்ணிற் பிறந்த ஆண்டாள் புகுந்த வீடு அது. அழிவுக்குப் பின் மீண்டெழும் ஆலயம் பழைய ஆலயமே என்று எதனால் அறியப்படுகிறது? இவ்வொரு வினாவை இவ்விரு நிகழ்ச்சிகளைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அழிவும் அரசாணையும்

விவிலியம் சாலொமோன் என்று குறிக்கும் நபி சுலைமான் (அலை) அவர்கள் எழுப்பிய எருசலேம் ஆலயத்தைக் கி.மு. 586-இல் பாபிலோனிய மன்னன் நேபுகாத்நேச்சாரின் படை தீக்கிரையாக்கியது. மக்களுள் பலர் பாபிலோனுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். திருக்குர்ஆனின் 17-ஆம் அத்தியாயமான பனீ இஸ்ராயீல், அம்மக்களின் வழிபாட்டு இல்லத்துள் பகைவர் இருமுறை புகுந்த செய்தியை எடுத்துரைக்கிறது.

கி.மு. 539-இல் பாரசீகப் பேரரசன் சைரஸ் பாபிலோனைக் கைப்பற்றினான். விவிலியத் தமிழில் கோரேஸ் எனப்படுபவன் இவனே. அடுத்த ஆண்டில், யூதர்கள் தாயகம் திரும்பலாம், ஆலயத்தை எழுப்பலாம் என அவன் ஆணையிட்டான். கொள்ளைபோன பொன், வெள்ளிக் கலங்கள் 5,400-ஐயும் திருப்பித் தந்தான் என்று எஸ்றா நூல் கூறுகிறது. பாபிலோனில் 1879-இல் கண்டெடுக்கப்பட்ட சைரஸின் களிமண் உருளை எருசலேமைப் பெயர் சுட்டிக் கூறவில்லை. ஆயினும், இடம்பெயர்ந்த தெய்வ உருவங்களையும் மக்களையும் அவரவர் ஊர்களுக்குத் திரும்ப அனுப்பிய கொள்கையை அது உரைக்கிறது. திருக்குர்ஆன் போற்றும் துல்கர்னைன் இந்தச் சைரஸே எனக் கருதினார் மௌலானா அபுல் கலாம் ஆசாத். அக்கருத்தை ஏற்பாரும் உளர், மறுப்பாரும் உளர். ஆயினும், பிறர் சமயத்தின் ஆலயத்தை எழுப்பத் துணைநின்ற மன்னன் என்னும் பெருமை அவனுக்கு என்றும் உரியது.

அழுகுரலும் ஆர்ப்பொலியும்

செருபாபேல் என்னும் தலைவனுடனும் யெசுவா என்னும் குருவுடனும் திரும்பியோர் தொகை 42,360 என்கிறது எஸ்றா நூல். அவர்கள் அடித்தளம் இட்ட நாளில் நிகழ்ந்தது நெஞ்சை உருக்குவது. சிறையிருப்பில் பிறந்த இளையோர் மகிழ்ச்சியால் ஆர்ப்பரித்தனர். முதல் ஆலயத்தைக் கண்ணாரக் கண்டிருந்த முதியோர் வாய்விட்டு அழுதனர். அழுகுரல் எது, ஆர்ப்பொலி எது எனப் பிரித்தறிய இயலாதவாறு இரண்டும் கலந்து நெடுந்தொலைவு கேட்டது என்று அந்நூல் எழுதுகிறது.

முதியோர் ஏன் அழுதனர்? முன்னைய பொலிவு இனி வாராது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். உடன்படிக்கைப் பேழை இல்லாத ஆலயமாகவே அது அமைந்தது. ஆனால் அவ்வழுகையே ஒரு சான்று. 'இது நாங்கள் இழந்த அதே இடம்' என்று சொல்லும் உரிமை அம்முதியோர் ஒருவருக்கே இருந்தது.

தடையும் ஆவணமும்

பணி இனிது நடைபெறவில்லை. அண்டை நிலத்து மக்கள், தாமும் உடனிருந்து கட்டுவதாக முன்வந்தனர், அக்கை மறுக்கப்பட்டது. மறுக்கப்பட்டோர் பகைவராயினர். பணி ஆண்டுக்கணக்கில் நின்றது. கி.மு. 520-இல் ஆகாய், சகரியா ஆகிய தீர்க்கதரிசிகளின் ஊக்குவிப்பால் மீண்டும் தொடங்கிற்று. அப்போது, 'இதைக் கட்ட உங்களுக்கு உரிமை தந்தவர் யார்?' எனப் பாரசீக ஆளுநர் வினவினார். சைரஸ் இறந்து ஆண்டுகள் பல ஆகியிருந்தன. தாரியு மன்னன் அரசு ஆவணங்களைத் தேடச் செய்தான். அக்மேதா நகரில் சைரஸின் ஆணைக் குறிப்பு அகப்பட்டது. அதன் வலிமையால் பணி தொடர்ந்து, கி.மு. 515-இல் ஆலயம் நிறைவெய்தியது. ஓர் ஏடு காக்கப்பட்டிராவிடில் அச்சுவர்கள் எழுந்திரா என்பதை மாணவர்கள் கருதிப் பார்த்தல் வேண்டும்.

திருவரங்கம்

இனித் தமிழகத்திற்கு வருவோம். 1323-இல் தில்லிச் சுல்தானியப் படை திருவரங்கத்தைத் தாக்கியது. இதனை மறைப்பது கல்விக்கு அழகன்று. அரசியல் வேட்கையின் செயலை ஒரு சமயத்தின் மேல் ஏற்றுவதும் அறமன்று. கோயிலின் உற்சவத் திருமேனியைப் பிள்ளை லோகாசாரியர் முதலானோர் எடுத்துக்கொண்டு தென்திசை நோக்கிச் சென்றனர். முதுமையில் அத்துன்பப் பயணத்தை மேற்கொண்ட அவர் மதுரைக்கு அருகே உயிர்நீத்தார். சுதர்சன சூரியின் உரைநூலான சுருதப்பிரகாசிகையை வேதாந்த தேசிகர் காத்தளித்தார் என்பது வைணவ மரபு. உருவத்தைக் காத்தவர் ஒருவர். ஏட்டைக் காத்தவர் மற்றொருவர்.

மலைநாடு, கன்னட நாடு, திருமலை எனத் திருமேனி பல்லிடம் சுற்றியது. விசயநகர இளவரசர் குமார கம்பணரின் படையெடுப்பு மதுரைச் சுல்தானியத்தின் வலிமையை ஒடுக்கிய பின், செஞ்சியிலிருந்த கோபணாரியர் 1371-இல் அதனைத் திருவரங்கத்தில் மீண்டும் எழுந்தருளச் செய்தார். அவர் செயலைப் போற்றும் கல்வெட்டு இன்றும் அக்கோயிலில் உள்ளது.

இங்கும் அதே வினா எழுந்தது. இடைப்பட்ட 48 ஆண்டுகளில் முந்தைய தலைமுறை மறைந்துவிட்டது. கோயிலில் வேறொரு திருமேனியும் வழிபாட்டில் இருந்தது. பழையது எது எனத் துணிவார் இல்லை. அந்நிலையில் கோயில் ஆடைகளை வெளுத்துவந்த முதியவர் ஒருவர் அழைத்து வரப்பட்டார். முதுமையால் அவர் கண் ஒளி இழந்திருந்தார். இரு திருமேனிகளுக்கும் நீராட்டி, ஈர ஆடையின் நீரை அவரிடம் தந்தனர். முன்னாளில் பழகிய நறுமணத்தை உணர்ந்து, 'இவரே நம்பெருமாள்' என்று அவர் காட்டினார். அப்பெயரே நிலைத்தது எனக் கோயிலொழுகு கூறும். மன்னரும் ஆசாரியரும் தீர்க்க இயலாத ஐயத்தை ஓர் எளிய தொழிலாளியின் நினைவு தீர்த்தது.

பகையின் நினைவையும் அக்கோயில் பகையாகவே வைத்துக்கொள்ளவில்லை. பெருமாள்மேல் அன்புகொண்ட சுல்தானின் மகளாக மரபு கூறும் துலுக்க நாச்சியாருக்கு அங்கே தனியிடம் உண்டு. ரொட்டி படைக்கும் வழக்கமும் உண்டு.

திரும்பாதோர்

யூதர் அனைவரும் திரும்பிவிடவில்லை. பாபிலோனிலேயே தங்கியோரும் பலர். பிற்காலத்தில் அவர்தம் வழியினர் அங்கே தொகுத்த தால்மூத் யூத சமயக் கல்வியின் பெருநூலாயிற்று. இராசபாளையத்தார்க்கு இது வியப்பன்று. தெலுங்கு நாட்டினின்றும் பெயர்ந்து வந்த ராஜுக்கள் இம்மண்ணைத் தம் மண்ணாக்கிக் கொண்டனர். அவர்களுள் ஒருவரான பூ. ச. குமாரசாமி ராஜா 1949 முதல் 1952 வரை சென்னை மாநில ஆட்சித் தலைமையை வகித்தார். தம் இல்லத்தையே காந்தி கலை மன்றத்திற்கு வழங்கினார். திரும்பிச் சென்று கட்டுவது ஒரு கடன். தங்கிய இடத்தில் கட்டுவதும் ஒரு கடனே.

முடிவுரை

எருசலேமில் எழுந்த அந்த இரண்டாம் ஆலயமும் கி.பி. 70-இல் உரோமரால் அழிந்தது. கல் அழியும். ஆணையிட்ட அரசும் மறையும். இவ்விரு வரலாறுகளிலும் இறுதிவரை துணைநின்றவை முதியோர் நினைவும் எழுதிவைத்த ஏடுமே. மடங்களும் தேவாலயங்களும் யூத ஆலயங்களும் பள்ளிவாசல்களும் இறைவன் திருப்பெயர் நினைக்கப்படும் இடங்கள் என்று அவற்றை ஒருங்கே வைத்துப் பேசுகிறது திருக்குர்ஆனின் 22-ஆம் அத்தியாயம். ஆகவே எந்தச் சமயத்தாரின் நினைவும் நமக்கு அயலதன்று.

மாணவச் செல்வங்களே! இராசபாளையத்திலும் திருவில்லிபுத்தூரிலும் உங்கள் தெருவிலுள்ள பள்ளிவாசலையோ கோயிலையோ தேவாலயத்தையோ பற்றி அறிந்த முதியவர் ஒருவரேனும் இருப்பார். அதனைக் கட்டியவர் யார், கல் சுமந்தவர் யார், கைகொடுத்த அண்டை வீட்டார் யார் என அவரிடம் கேளுங்கள். அவர் பேரும் நாளும் குறித்து எழுதிவையுங்கள். சொல்ல அவர் இருக்கும்போதே கேளுங்கள். நாளை ஒருவர் வந்து, 'இது எங்கள் முன்னோர் தொழுத இடந்தானா?' என்று கேட்கும்போது விடை கூறப்போவது உங்கள் குறிப்பேடே.