பேரேட்டைத் திறக்கச் சொல்பவர் யார்?

வியாபாரம் செய்யும் நம்மவர் ஒவ்வொருவரிடமும் ஒரு பேரேடு உண்டு. எந்த வாடிக்கைக்காரர் எவ்வளவு பாக்கி வைத்திருக்கிறார், அவர் குடியிருப்பது எங்கே, எந்த மாதம் அவருக்குக் கை இறுக்கம் என்பதெல்லாம் அதில் தெரியும். யாரோ ஒருவர் கடைக்குள் நுழைந்து, "உமது வாடிக்கைக்காரர் ஒருவர் எனக்கு நஷ்டம் செய்துவிட்டார், அவருடைய பெயர் விலாசத்தைக் காட்டும்" என்றால் உடனே காட்டிவிடுவோமா? அவர் சொல்வது மெய்யாகவே இருக்கலாம். ஆயினும் தயங்குவோம். இந்தத் தயக்கமே 2002-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பெரிய வழக்காயிற்று. ஐந்தாண்டுக்குப் பின் சிங்கப்பூரிலும் அதைப் போன்ற வழக்கொன்று வந்தது. இரண்டையும் நாம் அறிந்திருப்பது நன்று.

பாட்டும் ஒரு சரக்குதான் என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். எழுதியவர், இசையமைத்தவர், பணம் போட்டுப் பதிவு செய்த கம்பெனி ஆகியோருக்கு அதில் பாத்தியதை உண்டு. அவர்களைக் கேளாமல் பிரதியெடுத்து ஊராருக்கு வழங்குவது, பிறர் கிடங்கிலிருந்து மூட்டையை எடுத்துத் தருமம் செய்வது போன்றதாகும். "எல்லோரும்தானே செய்கிறார்கள்" என்பது சமாதானமாகாது.

1999-இல் அமெரிக்காவில் தொடங்கிய நாப்ஸ்டர் என்னும் ஏற்பாடு இந்த வழங்கலைச் சுலபமாக்கிற்று. யாருடைய கணினியில் எந்தப் பாட்டு உள்ளது என்ற அட்டவணையை அது ஒரே இடத்தில் வைத்திருந்தது. ஆகையால் கம்பெனிகள் வழக்குப் போட்டதும் 2001-இல் அதை நிறுத்த முடிந்தது. அதன் பின் வந்த கசா போன்றவற்றிலோ அப்படி ஒரு நடு இடம் இல்லை. ஒருவர் கணினியிலிருந்து மற்றொருவர் நேரே எடுத்துக்கொண்டனர். மூட வேண்டிய கடை இல்லாது போகவே, கம்பெனிகள் ஆட்களைத் தேடத் தொடங்கின.

தேடும் வழி எப்படி? கம்பெனியின் ஆள் தானும் ஒரு வாடிக்கையாளன் போலக் கசாவில் நுழைவான். இன்ன பாட்டு இன்ன கணினியிலிருந்து வருகிறது என்பதை அவன் பார்க்கலாம். ஆனால் அவனுக்குத் தெரிவது ஓர் இலக்கமே. அதனை ஐ.பி. முகவரி என்பர். அந்த இலக்கம் அந்த நேரத்தில் எந்தச் சந்தாதாரருக்குக் கொடுக்கப்பட்டிருந்தது என்பது இணையச் சேவை வழங்கும் கம்பெனியின் பதிவேட்டில் மாத்திரமே இருக்கும். அதுதான் அவர்களுடைய பேரேடு.

2002-இல் அமெரிக்க இசைத்தட்டுக் கம்பெனிகளின் சங்கம், வெரைசன் என்னும் சேவைக் கம்பெனியிடம் ஒரு சந்தாதாரரின் பெயரைக் கேட்டது. ஒரே நாளில் 600-க்கு மேற்பட்ட பாட்டுகள் என்பது குற்றச்சாட்டு. சங்கம் நம்பியது 1998-ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஒரு பிரிவை. அதன்படி வழக்கே தொடுக்க வேண்டியதில்லை. உரிய பத்திரங்களைக் கொடுத்தால் நீதிமன்றக் கிராணி கட்டளையை எழுதிக் கொடுத்துவிடுவார். நீதிபதி ஒருவர் முன்கூட்டியே சாட்சியத்தைப் பார்ப்பதில்லை. பெயருக்குரியவரை ஒரு வார்த்தை கேட்பதும் இல்லை.

வெரைசன் கொடுக்க மறுத்தது. சந்தாதாரர் மீதுள்ள பிரியம் ஒன்றே காரணம் என்று நாம் சொல்லமாட்டோம். நாளைக்கு ஆயிரக்கணக்கில் இப்படிக் கேட்டால் ஏடு புரட்டியே பொழுது போய்விடும் என்ற கவலையும் இருந்திருக்கும். 2003 ஜனவரியில் கீழ் நீதிமன்றம் கொடுக்கத்தான் வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதனை மாற்றிற்று. களவுச் சரக்கு வெரைசனின் சொந்தக் கிடங்கில் இல்லை, அது அவர்கள் கம்பி வழியே போய்வருகிறது, அவ்வளவுதான். ஆகவே அந்தப் பிரிவு இங்கே செல்லாது என்பது தீர்ப்பின் சாரம்.

இதனால் தவறு செய்தவர்கள் தப்பிவிட்டார்களா என்றால், இல்லை. 2004 ஜனவரியிலேயே சங்கத்தார் 532 பேர் மீது, பெயர் தெரியாத பிரதிவாதிகள் என்று குறித்து, முறைப்படி வழக்குத் தொடுத்தனர். நீதிபதியிடம் காரணம் காட்டிப் பெயரைக் கேட்டனர். கிராணியின் மேசையிலிருந்து நீதிபதியின் மேசைக்கு விஷயம் மாறிற்று. நமது நோக்கில் அந்த மாற்றம் சிறியதன்று.

ஏனெனில் இலக்கம் காட்டுவது கணக்கு யார் பெயரில் உள்ளது என்பதை மட்டுமே. கணினி முன் உட்கார்ந்தவர் யார் என்பதை அது காட்டாது. 2003 செப்டம்பரில் சங்கம் 261 பேர் மீது வழக்குப் போட்டபோது, அவர்களுள் நியூயார்க்கைச் சேர்ந்த 12 வயதுச் சிறுமியும் இருந்தாள். 2,000 டாலர் கொடுத்து அந்த வழக்கு ராஜியாயிற்று. மற்றொருவர் மாசசூசெட்ஸில் வாழ்ந்த 66 வயது மூதாட்டி. ராப் பாட்டுகளைப் பகிர்ந்தார் என்பது அவர்மீது புகார். அவரிடம் இருந்ததோ மாக்கின்டாஷ் கணினி; அதில் கசா ஓடவே ஓடாது! வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டனர்.

பிழை ஏற்பட்டால் விலை எவ்வளவு என்பதையும் பார்க்க வேண்டும். அமெரிக்கச் சட்டத்தில், நஷ்டத்தைக் கணக்கிட்டுக் காட்டாமலே ஒரு படைப்புக்கு 750 முதல் 30,000 டாலர் வரையும், வேண்டுமென்றே செய்ததாயின் 1,50,000 டாலர் வரையும் விதிக்கலாம். மின்னசோட்டாவில் ஒரு மாது, 24 பாட்டுகளுக்காக 2007-இல் 2,22,000 டாலர் கொடுக்க வேண்டுமென்று ஜூரிகள் கூறினர். 2009-இல் மறுவிசாரணையில் அது 19,20,000 டாலராயிற்று. மேலும் பல சுற்றுகளுக்குப் பின், 2012-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் பழைய 2,22,000-த்தையே நிலைநிறுத்தியது. பாட்டு ஒன்றுக்கு 9,250 டாலர். கடையில் ஒரு பாட்டை ஏறக்குறைய ஒரு டாலருக்கு விற்ற காலம் அது! உரிமை மெய்யானதே, ஆனால் இந்தக் கணக்கை எந்த வியாபாரி நியாயம் என்பார்?

இனி சிங்கப்பூருக்கு வருவோம். 2007-இல் ஓடெக்ஸ் என்னும் உள்ளூர்க் கம்பெனி, ஜப்பானியச் சித்திரப் படங்களை இறக்கிக்கொண்டவர்களைத் தேடிற்று. சரக்கு பாட்டன்று, படம், வழி ஒன்றே. சேவைக் கம்பெனிகளிடமிருந்து பெயர்களைப் பெறக் கோர்ட்டுக்குப் போயிற்று. பெயர் கிடைத்தவர்களுக்கு 3,000 முதல் 5,000 வெள்ளி வரை கேட்டுக் கடிதங்கள் சென்றன. வேறு இரு கம்பெனிகள்மீது கட்டளை கிடைத்திருந்தும், பசிபிக் இன்டர்நெட் கம்பெனி எதிர்த்து நின்றது. ஆகஸ்டு மாதம் மாவட்ட நீதிமன்றம் ஓடெக்ஸின் மனுவைத் தள்ளியது. காரணம் எளியது. ஒரு படம் நீங்கலாக, ஓடெக்ஸ் அந்த உரிமைகளின் சொந்தக்காரரும் அல்ல, தனியுரிமை பெற்றவரும் அல்ல. 2008-இல் உயர் நீதிமன்றம் இதை ஒப்புக்கொண்டது. ஆயினும் உரிமைக்குச் சொந்தமான ஜப்பானியக் கம்பெனிகளே முன்வந்து கேட்டபோது அவற்றுக்குப் பெயர்களைக் கொடுக்கக் கட்டளையிட்டது. பாக்கி வசூலிக்க வந்தவர் கடன் கொடுத்தவர்தானா என்று கேட்கும் நமது பழக்கத்துக்கும் இதற்கும் என்ன வேற்றுமை?

அமெரிக்கச் சங்கம் இத்தகைய திரள் வழக்குகளை 2008-இன் இறுதியில் கைவிட்டது. என்றாலும் நமது கடைகளில் இந்த விஷயம் முடியவில்லை. சாப்பாட்டுக் கடையிலும் தங்கும் விடுதியிலும் வாடிக்கைக்காரருக்கு வைஃபை கொடுக்கிறோம். சிப்பந்திகளும் இரவில் அதையே உபயோகிக்கிறார்கள். யார் எதை இறக்கினாலும் வெளியே தெரியும் இலக்கம் முதலாளியின் கணக்குடையது. ஆகையால் வாடிக்கைக்காரருக்குத் தனி இணைப்பும், கடைக் கணக்குக்குத் தனி இணைப்புமாக வைத்து, கடவுச்சொல்லை அவ்வப்போது மாற்ற வேண்டும். இது செலவில்லாத வேலை.

நம்மிடம் உள்ள வாடிக்கைக்காரரின் பெயரும் தொலைபேசி எண்ணும் அமானிதம். மலேசியாவில் 2010-ஆம் ஆண்டிலும், சிங்கப்பூரில் 2012-ஆம் ஆண்டிலும் இயற்றப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டங்கள் அதற்கு நம்மைப் பொறுப்பாளியாக்குகின்றன. வக்கீல் கடிதம் வேறு, நீதிமன்றக் கட்டளை வேறு. கடிதம் வந்தால் குப்பையில் எறியவும் கூடாது, பயந்து அன்றைக்கே பணம் கட்டவும் கூடாது. கேட்பவர் எந்தப் படைப்புக்குச் சொந்தக்காரர், எந்தத் தேதி, எந்த மணி என்பதைக் குறித்துக்கொண்டு, அந்த நேரத்தில் கடையில் வேலையிலிருந்தவர் யார் என்ற சிட்டையுடன் நமது வக்கீலிடம் போக வேண்டும்.